வயிறு தட்டாத வயல் வழி

தை பிறந்துவிட்டால் செங்கல்பட்டு, மதுராந்தகம், திருக்கழுக்குன்றம் வட்டாரங்களில் சம்பா அறுவடை சூடுபிடிக்கும். அரிவாள் பிடிக்க ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டபடியால், ஏறக்குறைய எல்லா உழவர்களும் அறுவடை இயந்திரத்தையே நம்பியிருக்கிறார்கள். ஈரம் காயாத வயலில் டயர் வண்டி புதையும் என்பதால் பெல்ட் வண்டிக்குத்தான் கிராக்கி. அது தன் காலால் நெடுந்தூரம் நடந்து வராது. லாரி மீது ஏறித்தான் ஊர் ஊராக வரும்.

லாரி ஊர் எல்லைக்கு வந்துவிட்டால் கதிர் களம் சேர்ந்த மாதிரி என்று பட்டணத்தில் இருப்பவர்கள் நினைக்கலாம். தார்ச் சாலையிலிருந்து வயலுக்கு இன்னும் இருநூறு அடி இருக்கிறது என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும். சாலை மூன்றடி மேலே. வண்டிப் பாட்டை மூன்றடி கீழே. நடுவே செங்குத்தாக ஒரு சரிவு. லாரியின் முன் சக்கரம் இறங்குகிறது. பின் சக்கரம் இன்னும் தார்மீது நிற்கிறது. நடுவயிறு சாலை விளிம்பில் உட்கார்ந்துகொள்கிறது. அதுவரை பின் சக்கரம் தாங்கிய பாரம் இப்போது வயிற்றுக்கு மாறிவிடுகிறது. பாரம் இல்லாத சக்கரத்துக்குப் பிடிமானம் ஏது? எவ்வளவு ஆக்சிலேட்டரை மிதித்தாலும் நின்ற இடத்திலேயே சுழலும். சாலையில் பஸ் நிற்கிறது, பால் வண்டி நிற்கிறது, ஊரே கூடி யோசனை சொல்கிறது.

இயந்திரக்காரர் அடுத்த ஊருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்தவர். அரை நாள் போனால் ஒருவருடைய முறை தவறும். தவறிய முறை நாலு நாள் கழித்து வரலாம், வாரம் கழித்தும் வரலாம். 2021 ஜனவரியில் பருவம் தப்பிப் பெய்த மழை தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் முற்றிய கதிரைச் சாய்த்து, வயலிலேயே முளைவிடச் செய்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அறுவடையில் ஒரு நாள் என்பது சில சமயம் ஒரு போகம்.

ஆகவே வயல் வழியின் வாயை எப்படி அமைப்பது என்பது சாலைப் பொறியாளருக்கு மட்டும் உரிய விஷயமன்று. உழவர் பெருமக்களும் அறிந்துகொள்ள வேண்டிய கணக்கு அதில் இருக்கிறது. கணக்கும் கடினமானதல்ல.

மாட்டு வண்டிக்கு இல்லாத தொல்லை

கட்டை வண்டி ஓடிய காலத்தில் இந்தப் பேச்சே எழவில்லை. சக்கரம் ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அச்சு தரையிலிருந்து இரண்டடிக்கு மேல். அதைவிட முக்கியம், அதற்கு ஒரே அச்சு. இரண்டு அச்சுகளுக்கு நடுவே வயிறு தொங்கும் வண்டிக்குத்தான் மேட்டில் உட்காரும் வியாதி வரும். ஒற்றை அச்சு வண்டி எந்த மேட்டையும் சக்கரத்தாலேயே மிதித்துக்கொண்டு போய்விடும். அக்காலத்தில் மேட்டைப் பற்றிக் கவலைப்பட்டது மாட்டின் கழுத்துதான். நம்முடைய வயல் பாட்டைகள், ஏரிக்கரை ஏற்றங்கள், வாய்க்கால் மேடுகள் எல்லாம் அந்த வண்டியின் அளவுக்கு அமைந்தவை. வண்டி மாறிவிட்டது, வழி மாறவில்லை.

மாறாதது மட்டுமல்ல, கெட்டும் போயிருக்கிறது. தார்ச் சாலையைப் புதுப்பிக்கும்போதெல்லாம் பழைய தாரின் மேலேயே புது அடுக்கைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒரு தடவைக்கு இரண்டு அங்குலம் என்று வைத்தாலும், ஆறு தடவையில் ஓரடி. சாலை ஏறிக்கொண்டே போக, வீட்டு வாசல்களும் வயல் வாய்களும் பள்ளமாயின. பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது அடுக்குப் போட வேண்டும் என்று 2021-ல் தமிழக அரசு அறிவுறுத்தியது. வீட்டுக்குள் மழைநீர் புகுவதைத் தடுக்கவே அது சொல்லப்பட்டது என்றாலும், வயல் வழிக்கும் அதில் நன்மை உண்டு. ஆனால் ஏற்கெனவே ஏறிவிட்ட உயரம் ஏறியதுதான்.

நாலில் ஒரு பங்குக் கணக்கு

வண்டி மூன்று இடத்தில் தட்டும். சரிவின் அடியில் மூக்குத் தட்டும். சரிவின் தலையில் வயிறு தட்டும். பின் சக்கரம் ஏறத் தொடங்கும்போதோ இறங்கி முடிக்கும்போதோ பின்னால் தொங்கும் வால் தட்டும். இவற்றில் மோசமானது வயிறு. ஏனெனில் மூக்கும் வாலும் உரசினாலும் பெரும்பாலும் பின்வாங்கிக்கொள்ளலாம், வயிறு உட்கார்ந்துவிட்டால் முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலுள்ள நீளத்தை அளந்துகொள்ள வேண்டும். அதில் நாலில் ஒரு பங்கை எடுத்து, சரிவின் அளவால் வகுத்தால், வயிற்றுக்குக் கீழே எவ்வளவு இடைவெளி பறிபோகும் என்று தெரிந்துவிடும். அச்சு இடைவெளி 16 அடி உள்ள லாரியை எடுத்துக்கொள்வோம். நாலில் ஒரு பங்கு 4 அடி. மட்டமான சாலையிலிருந்து 4-க்கு 1 சரிவில், அதாவது நாலடி போனால் ஓரடி இறங்கும் சரிவில், அது இறங்கினால் ஓரடி, 12 அங்குலம், பறிபோகிறது. பாரம் ஏற்றிய லாரியின் வயிற்றில் அவ்வளவு இடைவெளி இராது, உட்காரும். சரிவு 6-க்கு 1 என்றால் 8 அங்குலம். தப்பித்தால் அதிர்ஷ்டம். 12-க்கு 1 என்றால் 4 அங்குலம்தான், தாராளமாக இறங்கும். 20-க்கு 1 என்றால் இரண்டரை அங்குலம்கூட ஆகாது.

அச்சு இடைவெளி இரட்டித்தால் பறிபோவதும் இரட்டிக்கும். 32 அடி இடைவெளியுள்ள தாழ்தள டிரெய்லர் 12-க்கு 1 சரிவில் இறங்கும்போது 8 அங்குலம் போய்விடும். அதன் வயிறோ தரைக்கு மிக அருகில் இருக்கும். ஒரகடம், மறைமலைநகர்ப் பக்கம் கார்களை அடுக்கிக்கொண்டு போகும் நீண்ட லாரிகள் ஜி.எஸ்.டி. சாலையை விட்டுச் சின்னச் சாலைகளுக்குள் திரும்பத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இருபுறமும் சரிவுள்ள மேடு என்றால் இரண்டு பக்கத்துச் சரிவையும் கூட்டிக்கொள்ள வேண்டும். 12-க்கு 1 ஏறி, உடனே 12-க்கு 1 இறங்கினால், 16 அடி லாரிக்கு 4 அங்குலம் அல்ல, 8 அங்குலம் போகும். வாய்க்கால் மேடு, ஏரிக்கரை, ரயில் பாதை ஆகியவை எல்லாம் இந்த ஜாதி.

இதற்கு மாற்றும் உண்டு. சரிவின் தலையைக் கூராக விடாமல் முதுகு போல உருட்டிவிட வேண்டும். அச்சு இடைவெளி எத்தனை அடியோ அத்தனை அடி நீளத்துக்கு உருட்டினால் பறிபோகும் அளவு பாதியாகும். இரண்டு மடங்கு நீளத்துக்கு உருட்டினால் கால் பங்காகும். செலவு அதிகமில்லாத வைத்தியம் இதுதான். மண்வெட்டி பிடிக்கத் தெரிந்த நாலு பேரால் முடியக்கூடிய வேலையும்கூட.

வாலுக்குக் கணக்கு வேறு. பின் சக்கரத்துக்குப் பின்னால் 6 அடி தொங்கினால், 6-க்கு 1 சரிவின் அடியில் அந்த வால் ஓரடி தாழும். படாளத்தில் உள்ள மதுராந்தகம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிரெய்லர்களில் கட்டின் நுனி சாலையைக் கூட்டிக்கொண்டு போவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

டிராக்டருக்கு வயிறு தட்டுவது குறைவு. அது உயரமானது, டிரெய்லருடன் சேரும் இடத்தில் கொக்கி மடங்கிக் கொடுக்கும். அதற்குள்ள ஆபத்து இன்னொன்று, இதைவிடப் பெரியது. பாரம் நிறைந்த டிரெய்லரை இழுத்துக்கொண்டு செங்குத்தான வயல் வாயில் ஏறும்போது முன் சக்கரம் தரையை விட்டு எழும்பும். எழும்பிய சக்கரத்துக்கு ஸ்டியரிங் கிடையாது. பின்னோக்கிக் கவிழ்ந்தால் ஓட்டுபவர் அடியில் சிக்குவார். குதிக்க நேரம் இருக்காது. 'இத்தனை வருஷமாக ஏற்றிக்கொண்டுதானே இருக்கிறோம்' என்பது சமாதானம் ஆகாது.

கயிறு பிடித்துப் பார்த்தல்

கணக்குப் போட விருப்பமில்லாதவர்களுக்கு ஒரு சுலபமான வழி உண்டு. எந்த வண்டி வர வேண்டுமோ அதன் வயிற்றில் மிகத் தாழ்ந்த பாகம் தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்று, பாரம் ஏற்றிய நிலையில் அளந்துகொள்ள வேண்டும். இரண்டு குச்சிகளை எடுத்து அதே உயரத்தில் கோடு போட்டு, அந்தக் கோட்டில் நைலான் கயிற்றைக் கட்ட வேண்டும். கயிற்றின் நீளம் வண்டியின் அச்சு இடைவெளி. இரண்டு பேர் ஆளுக்கொரு குச்சியைத் தரையில் ஊன்றி, கயிற்றைத் தொய்வில்லாமல் விறைப்பாகப் பிடித்தபடி, ஒரு நேரத்தில் ஓரடியாக, சாலையிலிருந்து வயல் வரை நகர்ந்துகொண்டே வர வேண்டும். கயிறு எங்கே தரையைத் தொடுகிறதோ அங்கே வண்டி உட்காரும். தொடாவிட்டாலும் இரண்டு அங்குலத்துக்குள் நெருங்கினால் அந்த இடத்தில் வேலை இருக்கிறது என்று பொருள். ஏனென்றால் மழையில் சக்கரம் பதிந்து நடுமேடு எழும்.

இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு ஒரு கயிறு. அறுவடைக்கு ஒரு மாதம் முன்பே செய்துவிடலாம். லாரி வந்து நின்ற பிறகு தூரத்தில் நின்று 'வா வா' என்று கை காட்டுவதைவிட இது மேல்.

இப்போது குட்டி யானை என்று ஊரெல்லாம் அழைக்கப்படும் சிறு சரக்கு வண்டிக்கும் இதே கயிறுதான். அதன் அச்சு இடைவெளி சுமார் 7 அடி என்பதால் மேட்டில் சமாளித்துக்கொள்ளும். ஆனால் அடி இடைவெளி சுமார் 6 அங்குலம்தான். தர்ப்பூசணி நிறைய அடுக்கினால் ஸ்பிரிங் அமுங்கி அதுவும் குறையும். சக்கரப் பள்ளங்களுக்கு நடுவே எழும்பிய மேடு அதைத் தட்டும். அப்படிப்பட்ட பாட்டையில் பள்ளத்தைக் கிராவல் போட்டு நிரப்புவதோடு நடுமேட்டையும் செதுக்கிவிட வேண்டும். மேட்டை விட்டுவிட்டுப் பள்ளத்தை மட்டும் நிரப்பினால் அடுத்த மழையில் மறுபடியும் அதே கதைதான்.

வயல் வாய் எப்படி இருக்க வேண்டும்

இந்தியச் சாலைப் பேராயம் கிராமச் சாலைகளுக்கென்று 2002-ல் வெளியிட்ட கையேட்டின்படி, சமவெளியில் சாதாரணமாக 30-க்கு 1 சரிவும், மீறினால் 20-க்கு 1-ம் இருக்கலாம். 35 கிலோமீட்டர் வேகத்துக்கு அமைத்த சாலையில், சரிவு நூற்றுக்கு ஒன்றரைக்கு மேல் மாறினால் அந்த இடத்தை 15 மீட்டருக்குக் குறையாமல் உருட்டிவிட வேண்டும் என்பதும் விதி. ஆனால் வயல் வழி எந்தப் புத்தகத்திலும் சாலை என்று எழுதப்படவில்லை. சாலை ஒப்பந்தக்காரர் போகிற போக்கில் இரண்டு லோடு மண்ணைக் கொட்டிவிட்டுப் போவதுதான் வயல் வாய். ஆகவே விவசாயிகளே கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது, அல்லது தாங்களே அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சாலை மூன்றடி உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தார் விளிம்பை ஒட்டி முதலில் 20 அடியாவது சாலை மட்டத்திலேயே ஒரு சமதளம் வேண்டும். டிராக்டர் அங்கே ஏறி நின்று, இருபக்கமும் பார்த்து, பிறகு சாலையில் சேர வேண்டும். சரிவிலேயே பிரேக்கை மிதித்துக்கொண்டு நின்று, பிறகு கிளட்சை விட்டுக் குதித்தாற்போல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறுவது, அங்கே கார்கள் வரும் வேகத்துக்கு, உயிரோடு விளையாடுவதாகும். டிரெய்லரோடு நிற்பதற்கு இடம் இருந்தால் 40 அடி விடுவது உத்தமம். சமதளம் முடிந்தபின் 12-க்கு 1 சரிவு, அதாவது 36 அடி நீளம். தலையையும் அடியையும் 16 அடிக்கு உருட்டிவிட வேண்டும். மேலகலம் 12 அடி. சாலையோடு சேரும் இடத்தில் லாரி வளைவதற்காக 25 அடிக்கு வாயை விரித்துவிட வேண்டும்.

இங்கேதான் மனிதர்களுக்குள் சிக்கல் வருகிறது. 36 அடி நீளம், 12 அடி அகலம் என்றால் 432 சதுர அடி; ஏறக்குறைய ஒரு சென்ட். 20 அடி சமதளத்தையும் இருபக்கத்து மண் சரிவையும் சேர்த்தால் இரண்டரை சென்டுக்கு மேல் போய்விடும். மண்ணும் சுமார் இருபது யூனிட் பிடிக்கும். வழியை உபயோகிப்பவர்கள் பத்துப் பேர். நிலம் போவது சாலையோரத்து ஒருவருக்கு. அவர் மறுத்தால் குற்றம் சொல்ல முடியாது. பல ஊர்களில் வயல் வாய் செங்குத்தாக இருப்பதற்கு உண்மையான காரணம் இந்த இரண்டரை சென்ட்தான், பொறியியல் அல்ல. பின்னால் உள்ளவர்கள் கூடி அவருக்கு ஈடு செய்வதோ, வரப்பு நகர்த்தி வேறு பக்கம் நிலம் விடுவதோதான் முறை. பேச்சாக முடிக்காமல், அளந்து கல் நட்டு, எழுதி வைத்துக்கொள்வது பிள்ளைகள் காலத்துக்கும் உதவும். இன்னொரு உபாயம், சரிவை வயலுக்குள் நேராக இறக்காமல் சாலையோர மார்ஜினிலேயே சாலைக்கு இணையாக இறக்குவது. வயல் நிலம் மிச்சமாகும். ஆனால் மார்ஜின் சாலைத் துறைக்குச் சொந்தம் என்பதால் எழுத்து மூலம் அனுமதி பெறாமல் கை வைக்கக் கூடாது.

நிரப்பும் மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. ஏரி வண்டல் வயலுக்கு அமிர்தம், வழிக்கு உதவாது. மழையில் கொழகொழத்துச் சக்கரத்தை விழுங்கும். செம்மண் கலந்த கிராவலே ஏற்றது. அரையடி அடுக்காகப் போட்டு, தண்ணீர் தெளித்து, ஒவ்வொரு அடுக்கையும் இறுகச் செய்ய வேண்டும். மொத்தமாகக் கொட்டி மேலே தட்டிவிட்டால், ஒரு மழையில் பாதி அமுங்கி, தார் விளிம்பு மறுபடியும் படிக்கட்டாக நிற்கும். பக்கச் சரிவில் வெட்டிவேர் நட்டால் மண் கரையாது. சாலையோர வாய்க்காலை மண் போட்டு மூடிவிடக் கூடாது. அடியில் குழாய் வைக்காவிட்டால் மழைநீர் தேங்கி, வழியையும் அரித்து, அக்கம்பக்கத்து வயலையும் கெடுக்கும்.

பெல்ட் வண்டியை இறக்குவதற்காக லாரித் தட்டின் உயரத்துக்கு, ஏறக்குறைய நாலடிக்கு, ஒரு மண் மேடையை வழியோரத்திலேயே அமைத்துவிட்டால் இன்னும் நல்லது. லாரி வயலுக்குள் இறங்கவே தேவையிராது. மேடையில் பின்பக்கத்தை ஒட்டி நிறுத்தினால் இயந்திரம் நேராக நடந்து இறங்கிவிடும். இப்போதெல்லாம் இதற்காக லாரிக்காரர்கள் ஊர் ஊராக ஏதாவது ஒரு மேட்டைத் தேடிக்கொண்டு அலைகிறார்கள்.

கரையை வெட்டாதீர்கள்

செங்கல்பட்டுச் சீமை ஏரிகளின் சீமை. மதுராந்தகம் ஏரியை அறியாதவர் இல்லை. கொளவாய் ஏரியை ரயிலில் போகிறவர்கள்கூடப் பார்க்கிறார்கள். ஊருக்கு ஓர் ஏரியாவது இருக்கும். ஆயக்கட்டுக்குப் போக அநேக இடங்களில் ஏரிக்கரையைக் கடக்க வேண்டும், அல்லது கரை மேலேயே போக வேண்டும். கரை இருபுறமும் சரிந்த மேடு. வண்டி உட்காருவதற்கு அதைவிட வசதியான இடம் வேறில்லை.

வண்டி தட்டுகிறது என்று கரையின் தலையை ஓரடி செதுக்கிவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. இது பெருந்தவறு. கரையின் உயரம் வெள்ளத்துக்காக வைக்கப்பட்டது. ஓரிடத்தில் ஓரடி தாழ்ந்தால், ஏரி நிரம்பும் இரவில் தண்ணீர் அந்த ஓரிடத்தைத்தான் தேடி வரும். வழிந்த தண்ணீர் அரிக்கும், அரித்தது உடையும். 2015 நவம்பர், டிசம்பர் வெள்ளத்தில் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் எத்தனையோ ஏரிகள் உடைந்ததைக் கண்ட தலைமுறை இது. லாரி தாண்டுவதற்காக வெட்டிய ஓரடி, நூறு ஏக்கரை மணல் மேடாக்கிவிடலாம்.

கரைத் தலையைத் தொடாமல் இரு பக்கத்துச் சரிவையும் மண் போட்டு நீட்டுவதுதான் வழி. கரைக்கு மண் சேர்வதால் பலம்தான் கூடும். நீர்ப்பக்கம் சரிவை நீட்ட இடமில்லாத ஏரிகளில், வெளிப்பக்கம் மட்டும் கரையை ஒட்டிச் சாய்வாக ஏற்றி, மேலே வண்டி திரும்ப அகலம் தர வேண்டும். எதுவானாலும் நீர்வளத் துறையினரின் ஒப்புதலோடு செய்ய வேண்டிய காரியம்.

வாய்க்கால் குழாய்களும் மேட்டைப் பிறப்பிக்கின்றன. மூன்றடி விட்டமுள்ள குழாயைப் போட்டு, வண்டி போனால் உடையாமலிருக்க அதன் தலைக்கு மேல் இரண்டடி மண்ணும் போட்டால், வாய்க்கால் அடியிலிருந்து ஐந்தடிக்கு மேல் ஏறிவிடும். அதற்குப் பதிலாக இரண்டடிக் குழாய் மூன்றைப் பக்கம் பக்கமாக வைத்தால் மேடு ஓரடி குறையும். தண்ணீர் போகும் வாயும் 7 சதுர அடியிலிருந்து 9 சதுர அடிக்கு மேல் கூடும். ஆகாயத்தாமரையும் குப்பையும் அடைக்கும் வாய்க்காலாக இருந்தால் குழாயே வேண்டாம். இரு பக்கமும் சுவர் எழுப்பி மேலே கான்கிரீட் பலகை போட்ட சிறுபாலம் சிறந்தது. பலகைக்கு மேல் மண் மூடாக்குத் தேவையில்லை என்பதால் மேடு வெகுவாகத் தணியும். செலவு கூடுதல் என்பது உண்மை.

கடலோரத்தில்

கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை கடலுக்கு இணையாகப் பக்கிங்ஹாம் கால்வாய் ஓடுகிறது. படகுப் போக்குவரத்துக்காக வெட்டப்பட்ட கால்வாய்; 2008-ல் அறிவிக்கப்பட்ட 4-வது தேசிய நீர்வழியில் இதுவும் சேர்ந்தது. கேளம்பாக்கம்–கோவளம், திருப்போரூர்–நெம்மேலி போன்ற சாலைகள் கால்வாயையும் உப்பங்கழியையும் கடந்தே கடற்கரைக்கு வருகின்றன. இங்கே நிலம் தாழ்ந்தது. பாலம் தண்ணீருக்கு மேலே உயர்ந்தாக வேண்டும். ஏற்றத்துக்குக் கொட்டிய மண் இளகிய களிமேல் உட்கார்ந்து ஆண்டுக்கு ஆண்டு தாழும். பாலம் மட்டும் தூண்மேல் நிற்பதால் தாழாது. பாலம் தொடங்கும் இடத்தில் 'தொப்' என்று ஒரு படி விழுவது இதனால்தான். சவுக்குக் கட்டை ஏற்றிய லாரியின் வால் அங்கே தட்டும். தாழ்ந்த இடத்தில் அவ்வப்போது சீவி நிரவுவது தவிர இதற்கு நிரந்தர மருந்து குறைவு.

மணல் பாட்டைகளில் வண்டி உட்காருவது வேறு வகை. சக்கரம் புதைந்து, வயிறு மணலில் படிகிறது. சவுக்குத் தோப்பில் வெட்டு நடக்கும்போது தென்னை மட்டையையும் பனை ஓலையையும் குறுக்கே பரப்பி லாரியை ஓட்டுவது பழைய உபாயம், இன்றும் பழுதில்லை. டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கினாலும் மணலில் பிடிமானம் கூடும். ஆனால் அதே சமயம் வயிறும் ஓர் அங்குலம் தாழும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். மாமல்லபுரத்துக் கல் ரதங்கள் ஆயிரத்து முந்நூறு வருஷமாக அந்த மணலில்தான் நிற்கின்றன. அவற்றுக்கு எங்கும் போக வேண்டிய வேலை இல்லை.

ரயில் பாதையும் வேகத்தடையும்

செங்கல்பட்டு–அரக்கோணம் பாதையில் லெவல் கிராஸிங்குகளைத் தாண்டித்தான் பல ஊர் உழவர்கள் வயலுக்கும் சந்தைக்கும் போகிறார்கள். ரயில் பாதையைச் செப்பனிடும்போது ஜல்லி சேர்ந்து தண்டவாளம் கொஞ்சம் கொஞ்சமாக உயர்வது இயல்பு. சாலையின் ஏற்றத்தையும் கூடவே நீட்டாவிட்டால் மேடு கூராகும். தண்டவாளத்திலிருந்து 30 அடி தூரத்தில் சாலை மட்டம் மூன்று அங்குலத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்பது அமெரிக்காவில் பின்பற்றச் சொல்லும் அளவு. அங்கேயே மிசிசிப்பி மாநிலம் பிலாக்ஸி நகரில், பழைய கிராஸிங் ஒன்றின் மேடு அந்த அளவை மீறியிருந்தது. 2017 மார்ச் 7 அன்று சுற்றுலா பஸ் ஒன்று அதன் மேல் வயிறு தட்டி நின்றுவிட, சரக்கு ரயில் மோதி 4 பேர் மாண்டார்கள். மெதுவாக ஏறினால் தாண்டிவிடலாம் என்று நினைப்பது இயல்பு. மேட்டின் அளவோ வேகத்தைப் பார்ப்பதில்லை.

கிராஸிங்கில் வண்டி உட்கார்ந்துவிட்டால் இழுத்துப் பார்ப்பது இரண்டாவது வேலை. முதலில் வண்டியில் இருப்பவர்கள் அத்தனை பேரும் இறங்கிப் பாதையை விட்டு விலக வேண்டும். கேட் ஊழியருக்குச் சொல்ல வேண்டும். சரக்கைப் பற்றிய எண்ணம் அதற்குப் பிறகு. அகல ரயில் பாதைகளில் ஆளில்லாத கிராஸிங்குகள் 2019 ஜனவரியோடு ஒழிக்கப்பட்டுவிட்டன. ஆகவே சொல்வதற்கு ஓர் ஆள் இருப்பார். கிராஸிங்குக்குப் பதிலாக அமைந்த சுரங்கப் பாதைகளில் மேட்டுத் தொல்லை இல்லை. உயரத் தொல்லை உண்டு. அதன் பள்ளத்தில் நீண்ட வண்டி இறங்கும்போது முன் சக்கரமும் பின் சக்கரமும் இரு பக்கச் சரிவில் மேலே நிற்பதால், நடு உடம்பு பள்ளத்துக்கு மேலே தூக்கிக்கொள்ளும். பலகையில் எழுதியிருக்கும் உயரத்தை நம்பி, இயந்திரம் ஏற்றிய லாரியை உள்ளே விட்டுவிடக் கூடாது.

வேகத்தடைக்கு இந்தியச் சாலைப் பேராயத்தின் அளவு 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். முதுகு வளைந்து இருக்க வேண்டும். அந்த அளவில் எந்தக் காரும் தட்டாது. ஊரார் தாங்களாகவே சிமென்ட் கலந்து இரவோடு இரவாக எழுப்பும் ஓரடி அகல மேடுதான் முட்டையையும் தக்காளியையும் உடைக்கிறது. தேரோட்டத்துக்கு முன் மாடவீதியில் அதைப் பெயர்த்துவிட்டு, தேர் நிலைக்கு வந்ததும் மறுபடி கட்டும் ஊர்களும் உண்டு.

வயலோரத்தில் வண்டி உட்கார்ந்துவிட்டால் சக்கரத்தைச் சுழற்றிக் குழி பறிக்காமல், ஜாக்கி கொடுத்துத் தூக்கி, சக்கரத்துக்கு அடியில் பலகையோ கருங்கல்லோ அடுக்கி உயர்த்தினாலே பெரும்பாலும் விடுபடும். இரண்டாவது டிராக்டரைக் கட்டிப் பலங்கொண்டு இழுத்தால் அடியில் உள்ள ஆயில் தொட்டி கிழிந்து, பிறகு மெக்கானிக்கைத் தேட வேண்டிவரும்.

சரிவு அமைக்கும் மண் வேலைக்கு நவரை அறுவடை முடிந்த சித்திரை, வைகாசி ஏற்ற காலம். அப்போது போட்ட மண் வடகிழக்குப் பருவமழையில் நன்றாக அமுங்கிவிடும்; மார்கழியில் ஒரு தடவை கயிறு பிடித்துப் பார்த்து, தாழ்ந்த இடத்தை நிரப்பினால் தை மாதத்துக்குத் தயார். வேளாண் பொறியியல் துறையின் இயந்திரங்களை வாடகைக்கு உழவன் செயலி வழியாக முன்பதிவு செய்துகொள்ளலாம். ஒன்றியச் சாலையாக இருந்தால் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலும், பெரிய சாலையாக இருந்தால் நெடுஞ்சாலைத் துறையின் கோட்ட அலுவலகத்திலும் மனு கொடுக்க வேண்டும். தனித்தனியாக எழுதுவதைவிட, வழியை உபயோகிக்கும் அத்தனை பேரும் கையெழுத்திட்டு, மே 1 கிராம சபையில் தீர்மானமாகப் பதிவு செய்வது பலன் தரும். மனுவில் 'வழி சரியில்லை' என்று மட்டும் எழுதாமல், சாலை எத்தனை அடி உயரம், சரிவு எத்தனை அடி நீளம், எந்த வண்டி எந்த இடத்தில் தட்டுகிறது என்று அளந்து எழுத வேண்டும்.